பாங்காங் ஏரியின் வெளிச்சங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசிப்பவன், எழுதுவது இதுதான் முதல் முறை.

எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் போன வாரம் ஒரு பழைய செய்தி சுற்றி வந்தது. லடாக் எல்லையில் நம் ராணுவம் ஆறு மாதம் சீன உளவு ட்ரோன் என்று நினைத்துக் கண்காணித்தது, கடைசியில் வெள்ளியும் வியாழனும்தானாம். எல்லோரும் சிரிப்பு எமோஜி போட்டார்கள். என் பெரியப்பா மட்டும் கோபப்பட்டு குழுவிலிருந்தே வெளியேறிவிட்டார். அவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், லடாக்கிலும் வேலை பார்த்திருக்கிறார். போனில் பேசியபோது, "ராத்திரி பூரா வானத்தைப் பாத்துக்கிட்டு நின்னவனுக்கு விடிவெள்ளி எதுன்னு தெரியாதாடா? எதையோ மூடி மறைக்கச் சொன்ன கதை இது" என்றார்.

நானும் தேடிப் பார்த்தேன். 2012 நவம்பரில் வந்த ஒரு செய்தியில், ஹான்லே வானாய்வகத்திலிருந்து வந்தவர்கள் அந்த வெளிச்சங்கள் கிரகமோ விண்கல்லோ இல்லை என்று சொன்னதாக இருக்கிறது. எட்டு மாதம் கழித்து கிரகம்தான் என்கிறார்கள். எதை நம்புவது? அமெரிக்கா, ரஷ்யா என்று பெரிய ராணுவங்கள் எல்லாம் இத்தனை வருடம் விசாரித்தும் 'அடையாளம் தெரியாதவை' என்று ஒரு பங்கு ஏன் மிஞ்சிக்கொண்டே இருக்கிறது? உண்மையிலேயே தெரியவில்லையா, தெரிந்தும் சொல்ல மாட்டேன் என்கிறார்களா? இந்தக் கோப்புகளை நம்மைப் போன்றவர்கள் படிக்க முடியுமா?

செந்தில்வேலன்

*

அன்புள்ள செந்தில்வேலன்,

எமோஜி போட்டவர்களைவிட உங்கள் பெரியப்பாவுக்குப் பக்கத்தில்தான் நான் நிற்கிறேன். ஆனால் 'மூடி மறைக்கச் சொன்ன கதை' என்ற இடத்தில் அவரோடு சேர முடியவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

நடந்ததை முதலில் பார்த்துவிடுவோம். பாங்காங் ஏரியின் கரையோரம் தாக்குங் என்ற இடத்தில் இருந்த இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினர், 2012 ஆகஸ்டிலிருந்து விசித்திரமான வெளிச்சங்களைப் பார்த்து டெல்லிக்கு எழுதினார்கள். மஞ்சளாக, உருண்டையாக, சீனப் பக்கத்துத் தொடுவானிலிருந்து கிளம்பி, மூன்று முதல் ஐந்து மணி நேரம் மெதுவாக வானத்தைக் கடந்து மறைகின்றன என்று. ராணுவம் அதைக் குப்பையில் போடவில்லை. ஏரிக்கு அருகே ஒரு மலையுச்சிக்கு நடமாடும் ரேடாரையும், ரேடியோ அலைகளை அலசும் கருவியையும் ஏற்றிக் கொண்டுபோனது. கண்ணுக்குத் தெரிந்தது ரேடாரில் விழவில்லை. அதிலிருந்து எந்தச் சமிக்ஞையும் வரவில்லை. ஒரு ட்ரோனை அதை நோக்கி அனுப்பினார்கள். அது தன் உச்சபட்ச உயரத்துக்குப் போனதுதான் மிச்சம், வெளிச்சத்தைத் தவறவிட்டுத் திரும்பியது.

2013 பிப்ரவரி வரை 329 முறை பார்த்ததாகக் கணக்கு. அதில் 155 முறை, இந்தியா-சீனாவின் நடைமுறை எல்லையான அசல் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி நம் வான்வெளிக்குள் வந்ததாகவும் எழுதி வைத்தார்கள். அப்புறம் பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தைக் கூப்பிட்டார்கள். அதன் வானியலாளர் துஷார் பிரபு பின்னர் பத்திரிகையிடம் சொன்னபடி, அவர்களுக்குத் தரப்பட்ட வேலை ஒன்றுதான்: இது விண்ணைச் சேர்ந்ததா, மண்ணைச் சேர்ந்ததா? பின்னணி நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு அந்த வெளிச்சங்களின் நகர்வைக் குறித்தபோது விடை வந்துவிட்டது. ஒன்று வியாழன், இன்னொன்று வெள்ளி. 2013 ஜூலையில் கொல்கத்தாவின் டெலிகிராஃப் நாளிதழில் செய்தி வந்தது, பிபிசி எடுத்துப் போட்டது, உலகம் சிரித்தது.

இனி, நீங்களும் நானும் வீட்டில் உட்கார்ந்தே சரிபார்க்கக்கூடிய பகுதி. வீரர்களின் பதிவுப்படி முதல் வெளிச்சம் மாலை 6 மணி வாக்கில் தோன்றி அதிகாலை 5 வரை இருக்கும். இரண்டாவது 4 மணிக்குத் தோன்றி முற்பகல் 11 வரைகூடத் தெரியும். 2012 டிசம்பர் 3 வாக்கில் வியாழன் சூரியனுக்கு நேரெதிரே இருந்தது. அப்படி இருக்கும்போது சூரியன் மறையும் நேரத்தில் எழுந்து சூரியன் உதிக்கும் நேரத்தில் அடங்கும். ராத்திரி முழுக்க வானத்தில் இருக்கும் கிரகம் அந்தப் பருவத்தில் அதுதான், அதுவும் ஆண்டின் உச்சபட்ச வெளிச்சத்தில். வெள்ளி 2012 ஜூன் 6-ம் தேதி சூரியனின் முகத்தைக் கடந்து போனது நினைவிருக்கலாம், நம் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் கண்ணாடி போட்டுப் பார்த்தார்கள். அதன்பிறகு அந்த வருடம் முழுக்க அது விடிவெள்ளி. ரேடாரில் ஏன் விழவில்லை என்று இதற்கு மேல் கேட்க வேண்டியதில்லை. வியாழன் பூமிக்கு மிக நெருங்கி வந்திருந்த அந்த நாட்களிலேயே 60 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது.

மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி கேட்டு வளர்ந்த யாருக்கும் இந்த இடத்தில் ஒரு வரி நினைவுக்கு வராமல் போகாது. "வெள்ளி எழுந்து வியாழம் உறங்கிற்று" என்கிறாள் ஆண்டாள். அந்த ஒரு வரியை வைத்தே அவள் காலத்தைக் கணிக்க முயன்ற அறிஞர்கள் உண்டு, ஏனென்றால் வெள்ளி கிழக்கே எழும் அதே வேளையில் வியாழன் மேற்கே சாய்வது எல்லா மார்கழியிலும் நடப்பதில்லை. 2012 மார்கழியில் நடந்தது. ஒரு பொருள் விடியலில் அடங்குகிறது, ஏறக்குறைய அதே நேரத்தில் மற்றொன்று எழுகிறது என்று பாங்காங் கரையில் ஒரு வீரர் நோட்டில் எழுதிய தகவலும் திருப்பாவையின் பதின்மூன்றாம் பாட்டும் ஒன்றுதான். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்கள் அதைப் பார்த்து நீராடக் கிளம்பினார்கள், இங்கே ரேடாரைக் கிளப்பினார்கள்.

சரி, அப்படியானால் பெரியப்பாவின் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. கிராமத்துப் பெண்களுக்குத் தெரிந்தது எல்லைக் காவலருக்கு எப்படித் தெரியாமல் போகும்?

தெரிந்திருக்கும். 'விடிவெள்ளி எது' என்று கேட்டால் அந்தப் படையில் பாதிப் பேர் கையைக் காட்டியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி வேறு: அந்தப் பக்கத்திலிருந்து ஏதாவது வருகிறதா? லடாக்கில் சீனா கிழக்கே இருக்கிறது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வானத்தில் உதிக்கிற எதுவும் கிழக்கில்தான் உதிக்கும். சூரியன், சந்திரன், ஒவ்வொரு நட்சத்திரமும் அந்த முகாமிலிருந்து பார்த்தால் சீனப் பக்கத்து மலைக்குப் பின்னாலிருந்து கிளம்பி நம் பக்கம் வந்தாக வேண்டும். 155 அத்துமீறல் என்று கணக்கெழுத இதைவிட வசதியான ஊர் கிடையாது. இதே வீரர்களைப் பாகிஸ்தான் எல்லையில் நிறுத்தியிருந்தால், நம் பக்கத்திலிருந்து தினமும் ஏதோ ஒன்று அங்கே போகிறது என்று எழுதியிருப்பார்கள்.

அந்த இடத்தின் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். பாங்காங் 4,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. காற்று மெலிந்தது, உலர்ந்தது, தூசியில்லாதது. நாமக்கல்லில் நாம் பார்க்கும் வெள்ளியைவிட அங்கே அது இன்னும் உக்கிரமாகத் தெரியும். வானம் அங்கே அடர்நீலமாக இருப்பதால் எந்த இடம் என்று தெரிந்தவர் கண்ணுக்குப் பகலிலும் வெள்ளி அகப்படும். பதிவில் உள்ள அந்த '11 மணி' எனக்கு இதனால்தான் நம்பகமாகப் படுகிறது. விடியற்காலையிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்தொடர்ந்தவர் மட்டுமே சூரியன் ஏறிய பிறகும் அதை விடாமல் பார்க்க முடியும். சோம்பேறிக் காவலன் எழுதிய குறிப்பு இல்லை அது.

அப்புறம் அசைவு. கும்மிருட்டில் ஒற்றை ஒளிப்புள்ளியை உற்றுப் பார்த்தால், அது அசையாமலே அசையும். கண்ணுக்கு ஒப்பிட்டுப் பார்க்க அருகில் எதுவும் இல்லாததால் வரும் மயக்கம். 1935-ல் முசாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் இதை வைத்து ஒரு பரிசோதனை செய்தார். இருட்டறையில் அசையாத சின்ன வெளிச்சத்தைக் காட்டி, எவ்வளவு நகர்ந்தது என்று கேட்டார். தனியாகக் கேட்டபோது ஆளுக்கு ஓர் அளவு சொன்னார்கள். கூட்டமாக உட்காரவைத்துக் கேட்டபோது, சில சுற்றுகளில் எல்லோருடைய அளவும் நெருங்கி வந்து ஒன்றாகிவிட்டது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒரே முகாமில், ஒரே பதற்றத்தோடு, முறை மாற்றி முறை நின்று பார்த்தவர்களின் அறிக்கைகள் ஏன் அவ்வளவு ஒத்துப்போயின என்பதற்கு நான் இங்கேதான் விடை தேடுவேன். போகிற பஸ்ஸோடு நிலா கூடவே வருவதுபோல, ஜீப்பில் போனால் வியாழனும் தொடர்ந்து வரும். நிலா என்று தெரிந்தால் ரசிப்போம், ட்ரோன் என்று நினைத்தால் அது நம்மை வேவு பார்க்கிறது.

பதற்றம் என்றேன். அது சும்மா வந்ததில்லை. தாக்குங்குக்கு அருகே சுசுல், அதற்குத் தெற்கே ரெசாங் லா. 1962 நவம்பர் 18-ல் குமாவோன் படைப்பிரிவின் ஒரு கம்பெனி அங்கே கிட்டத்தட்ட முழுதாக மடிந்தது. பிப்ரவரியில் கடைசி வெளிச்சம் பதிவாகி இரண்டு மாதத்தில், 2013 ஏப்ரலில், அதே லடாக்கில் தெப்சாங் சமவெளியில் சீனப் படை உள்ளே வந்து கூடாரம் போட்டு மூன்று வாரம் உட்கார்ந்திருந்தது. அந்த இடத்தில் நிற்கிறவன் ஒரு வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு 'ஏதோ நட்சத்திரம்' என்று தூங்கப் போனால்தான் நான் கவலைப்படுவேன்.

அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைவிட என்ன செய்யவில்லை என்பதைப் பாருங்கள். ஆறு மாதம், 329 முறை, சுட்டதாக ஒரு செய்தியும் இல்லை. 1942 பிப்ரவரி 24 இரவு லாஸ் ஏஞ்சலிஸில் நடந்தது இதற்கு நேர்மாறு. அதற்கு முந்தைய நாள்தான் ஒரு ஜப்பானிய நீர்மூழ்கி கலிஃபோர்னியாக் கரையில் எண்ணெய்க் கிடங்கு ஒன்றின்மேல் குண்டு வீசியிருந்தது. நகரம் விளக்கை அணைத்துக் காத்திருந்தது. வானத்தில் ஏதோ தெரிந்ததும் தேடுவிளக்குகள் பாய்ந்தன, விமான எதிர்ப்புப் பீரங்கிகள் பின்னிரவில் சுமார் ஒரு மணி நேரம் 1,400-க்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தன. வெடித்த குண்டுகளின் புகையே தேடுவிளக்கில் பளபளக்க, அதையும் விமானம் என்று நினைத்துச் சுட்டார்கள். எதிரி விமானம் ஒன்றுகூட விழவில்லை, வரவும் இல்லை. மாரடைப்பிலும் இருட்டில் நடந்த வாகன விபத்துகளிலும் சில உயிர்கள் போயின. மறுநாள் கடற்படைச் செயலர் பொய் எச்சரிக்கை என்றார், தரைப்படைத் தரப்போ விமானங்கள் வந்திருக்கலாம் என்றது. தொடக்கத்தில் அவர்கள் பார்த்தது ஒரு வானிலை பலூன் என்பது பல வருடம் கழித்து விமானப் படையின் வரலாற்றுப் பிரிவு எடுத்த முடிவு. இதோடு ஒப்பிட்டால் நம் ஆட்கள் வியாழனைக் கணக்கெழுதியதில் சிரிக்க என்ன இருக்கிறது?

எனக்குள்ள குறை வேறு. அந்தக் கணக்கை வானியலாளர்கள் படிக்கும்படி எழுதவில்லை. எந்தத் திசையில், தொடுவானிலிருந்து எவ்வளவு உயரத்தில், எந்த நிமிடத்தில் என்று தினமும் மூன்று எண்களைக் குறித்திருந்தால் ஒரு மாதத்தில் விஷயம் தானாகவே வெளிப்பட்டிருக்கும். நட்சத்திரங்கள் ஒவ்வொரு நாளும் சுமார் நான்கு நிமிடம் முன்னதாக எழும். வியாழன் அந்த நட்சத்திரங்களுக்கு நடுவே மிக மெல்லத்தான் நகரும் என்பதால் அதுவும் கிட்டத்தட்ட அப்படியே. மாதத்துக்கு இரண்டு மணி நேரம். ஆகஸ்டில் நள்ளிரவைத் தாண்டி எழுந்தது டிசம்பரில் அந்தி நேரத்துக்கு வந்துவிடுகிறது. மாதம் தவறாமல் இரண்டு மணி நேரம் முன்னகரும் ட்ரோனை எந்த நாட்டு விமானப் படையும் பறக்கவிடாது. இன்னொரு வழி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு முகாம்கள் ஒரே நிமிடத்தில் அளந்து ஒப்பிடுவது. பக்கத்தில் பறக்கும் பொருள் என்றால் இரண்டு முகாமுக்கும் வெவ்வேறு நட்சத்திரத்துக்கு அருகே தெரியும். கிரகம் என்றால் ஒரே இடம்தான். இதற்கு ரேடார் வேண்டாம், ஒரு கோணமானியும் கடிகாரமும் போதும்.

உங்கள் கையில் கிடைத்த அந்த 2012 நவம்பர் செய்திக்கு வருகிறேன். ஹான்லேயிலிருந்து வந்தவர்கள் மூன்று நாள் பார்த்துவிட்டு 'வான்பொருள் அல்ல' என்று சொன்னதாக அதில் இருப்பது உண்மைதான். ஆனால் அதைச் சொன்னது அந்த வானியலாளர்கள் இல்லை, ராணுவ அதிகாரிகள் சொன்னதாகப் பத்திரிகை எழுதியது. பெயரோடு, அளவீட்டோடு, நிறுவனத்தின் வானியலாளரே பேசியது 2013-ல்தான். இரண்டில் ஒன்றை எடுக்கச் சொன்னால் நான் அளந்தவரை எடுப்பேன். லடாக்கின் ஹான்லேயில் உள்ள இரண்டு மீட்டர் தொலைநோக்கியை அந்த நிறுவனத்தார்தான் பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டேயில் உட்கார்ந்துகொண்டே இயக்குகிறார்கள். லடாக் வானத்தைத் தினமும் பார்ப்பதுதான் அவர்கள் தொழில். 1792-ல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த மதராஸ் வானாய்வகத்திலிருந்து கிளைத்து, கொடைக்கானல் வழியாக வந்த மரபு அது. ஜவ்வாது மலைக் காவலூரில் இன்றும் அவர்களுடைய தொலைநோக்கிகள் இருக்கின்றன.

329 முறையும் பார்த்தது கிரகம்தான் என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை. உண்மையிலேயே ஒன்றிரண்டு ட்ரோன் நடுவே பறந்திருக்கலாம். ஆனால் வியாழன் அந்த நேரத்தில் அந்தத் திசையில் இருந்தது என்பதை எந்த அரசாங்கமும் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டும் என்றில்லை, பஞ்சாங்கமே சொல்லும். அங்கே வியாழனும் இருந்து ட்ரோனும் இருந்திருந்தால், இரவு முழுக்க இரண்டு வெளிச்சம் பக்கம்பக்கமாகப் பதிவாகியிருக்க வேண்டும். இரவு முழுக்கத் தெரிந்ததாகப் பதிவில் இருப்பது ஒன்றுதான்.

இருந்தாலும் பெரியப்பாவின் சந்தேகத்துக்கு ஒரு முன்கதை உண்டு. வெள்ளியின் மேல் பழிபோட்டு ராணுவம் ஒரு விஷயத்தை முடித்த சம்பவம் உண்மையிலேயே நடந்திருக்கிறது. 1948 ஜனவரி 7-ம் தேதி அமெரிக்காவின் கென்டக்கியில் தாமஸ் மான்டெல் என்ற 25 வயது விமானி, பட்டப்பகலில் வானத்தில் மிக உயரத்தில் பளபளத்த ஒரு பொருளைத் துரத்திக்கொண்டு போனார். விமானத்தில் ஆக்சிஜன் இல்லை. மேலே ஏறி மயங்கியிருக்க வேண்டும், விமானம் விழுந்து இறந்தார். அவர் துரத்தியது வெள்ளி என்று முதலில் சொல்லப்பட்டது. வெள்ளி அந்தத் திசையில் இருந்தது என்னவோ உண்மை, ஆனால் அந்தப் பகல் வானத்தில் அப்படி ஜொலிக்கும் அளவுக்கு அன்று அதற்கு ஒளி இல்லை. பிற்பாடு பலரும் ஏற்றுக்கொண்ட விளக்கம் ஸ்கைஹூக் பலூன். முப்பது கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் ராட்சத பிளாஸ்டிக் பலூன், கடற்படையின் ரகசியத் திட்டம். கடற்படை விட்ட பலூனைப் பற்றி அதைத் துரத்திய விமானிக்கும் தெரியாது, விசாரித்த விமானப் படைக்கும் அப்போது தெரியாது.

சோவியத் கதை இன்னும் சுவாரஸ்யம். 1977 செப்டம்பர் 20 அதிகாலை நான்கு மணிக்கு பெத்ரோசவோத்ஸ்க் நகரின் மேல் ஒளிரும் ஜெல்லிமீன் போல ஒன்று விரிந்து கதிர்களைக் கீழே பொழிந்தது. ஊரே பார்த்தது, ஃபின்லாந்திலும் பார்த்தார்கள், அரசுச் செய்தி நிறுவனமே செய்தி வெளியிட்டது. அது பிளெசெத்ஸ்க் ஏவுதளத்திலிருந்து கோஸ்மோஸ்-955 என்ற செயற்கைக்கோளோடு கிளம்பிய ராக்கெட். கீழே இருட்டு, மேலே ராக்கெட்டின் புகையில் மட்டும் சூரிய ஒளி. ஆனால் பிளெசெத்ஸ்க் என்று ஓர் ஏவுதளம் இருப்பதையே சோவியத் அரசு 1983 வரை ஒப்புக்கொள்ளவில்லை. இல்லாத இடத்திலிருந்து ராக்கெட் எப்படிக் கிளம்பும்? அதனால் விசாரணை வைத்தார்கள். 1978-ல் அறிவியல் கழகமும் பாதுகாப்பு அமைச்சகமும் சேர்ந்து சேத்கா என்ற திட்டத்தைத் தொடங்கி, நாடு முழுக்க உள்ள படையினரை வானத்தைப் பார்த்து எழுதச் சொன்னார்கள். பன்னிரண்டு பதின்மூன்று வருடத்தில் சுமார் 3,000 அறிக்கைகள். பெரும்பாலானவை ராக்கெட்டும் பலூனும்தான் என்று பின்னாளில் அதை நடத்தியவர்களே எழுதினார்கள். இடது கை ஏவியதை வலது கை விசாரித்தது.

இதே காட்சியை நாமும் பார்த்தோம். 2022 டிசம்பர் 15 மாலை வங்காளத்தில் பலரும் வானத்தில் கூம்பு வடிவ வெளிச்சத்தைப் படம்பிடித்துப் போட்டார்கள். ஒடிசா கரையிலிருந்து ஏவிய அக்னி-5 ஏவுகணை அது. நம் அரசு அன்றைக்கே அறிவித்துவிட்டதால் ஒரு சேத்கா தேவைப்படவில்லை.

ஆக, ராணுவங்கள் மறைக்கின்றனவா என்றால், மறைக்கின்றன. தங்கள் பலூனை, தங்கள் ராக்கெட்டை, தங்கள் ரேடாருக்கு எவ்வளவு தூரம் தெரியும் என்பதை. வேற்றுக்கிரகவாசி அந்தப் பட்டியலில் இருப்பதாக நம்ப எனக்கு எந்தக் காரணமும் கிடைக்கவில்லை.

'அடையாளம் தெரியாதவை' ஏன் மிஞ்சிக்கொண்டே இருக்கின்றன என்ற உங்கள் கேள்விதான் எனக்குப் பிடித்தது. ஒரு ராணுவம் இரவில் தெரிந்த வெளிச்சத்தை விசாரிக்கும்போது அதற்கு வேண்டியது ஒரே ஒரு விடை: எதிரியா, இல்லையா? இல்லை என்று தெரிந்த நிமிடமே அதன் ஆர்வம் போய்விடும். என்னவென்று கண்டுபிடித்துச் சொல்வது அதன் வேலை இல்லை, அதற்கு ஆளும் இல்லை, காசும் இல்லை. நாம் அந்தக் கோப்பை அறிவியல் ஆராய்ச்சி என்று நினைத்துப் படிக்கிறோம். அது காவல் பதிவேடு.

1952 ஜூலையில் வாஷிங்டன் நகரத்தின்மேல் இரண்டு வார இறுதிகளில் ரேடாரிலும் கண்ணிலும் வெளிச்சங்கள் தெரிந்து பெரிய களேபரம் ஆனது. விமானப் படை ஜெனரல் சாம்ஃபோர்ட் பத்திரிகையாளர்களைக் கூட்டி, மேலே வெப்பக் காற்றும் கீழே குளிர்ந்த காற்றும் அடுக்காக நிற்கும்போது ரேடார் அலை வளைந்து தரையில் உள்ளதைக் காட்டிவிடும் என்று விளக்கினார். அடுத்த ஜனவரியில் சிஐஏ ராபர்ட்சன் என்ற இயற்பியலாளர் தலைமையில் ஒரு குழுவைக் கூட்டியது. அந்தக் குழுவைக் கவலைப்பட வைத்தது வானத்தில் இருந்தது இல்லை. பொதுமக்களிடமிருந்து இப்படி அறிக்கைகள் குவிந்தால் தகவல் தொடர்பு அடைபட்டுப்போகும், அந்த நேரம் பார்த்து சோவியத் குண்டுவீச்சு விமானம் வந்தால் என்ன செய்வது என்பதுதான். எனவே மக்களுக்கு இதில் உள்ள ஆர்வத்தைக் குறைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். பிற்பாடு அந்தப் பரிந்துரை வெளியே தெரிந்தபோது 'பார், மூடி மறைத்தார்கள்' என்று ஆயிற்று. ஒருவகையில் அது அவர்களே தேடிக்கொண்டது.

இப்படிப்பட்ட அறிக்கைகளை விசாரித்த அமெரிக்க விமானப் படையின் புளூ புக் திட்டம் 1969 டிசம்பரில் மூடப்பட்டபோது மொத்தம் 12,618 அறிக்கைகள், அதில் 701 அடையாளம் தெரியாதவை என்று கணக்கு முடித்தார்கள். இந்த 701-ஐப் பிடித்துக்கொண்டு இன்றுவரை தொங்குகிறவர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த எண் வானத்தைப் பற்றிச் சொல்வதைவிட, விசாரித்த சின்ன அலுவலகத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. அவர்களுக்கு வானியல் ஆலோசகராக இருந்த ஆலன் ஹைனக், எது கிரகம் எது நட்சத்திரம் என்று பிரித்துக் கொடுக்க 1948-ல் அமர்த்தப்பட்டவர். மான்டெல் துரத்தியது வெள்ளியாக இருக்கலாம் என்று சொன்னதும் அவர்தான். பின்னாளில் விமானப் படை தரவுகளை ஒழுங்காகச் சேகரிக்கவே இல்லை என்று அவரே சாடினார். வேற்றுக்கிரக ஆர்வலர்கள் இதைத் தங்கள் கட்சிக்குச் சாட்சியாக வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது பாங்காங் நோட்டில் இல்லாத அந்த மூன்று எண்களைப் பற்றிய புகாராகவே கேட்கிறது.

பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் இந்த அறிக்கைகளுக்கென்று வைத்திருந்த பிரிவை 2009-ல் மூடியது. ஐம்பது வருடத்துக்கும் மேலாக வந்த அறிக்கைகளில் நாட்டுக்கு ஆபத்து என்று எதுவும் தெரியவில்லை, ஆகவே வேண்டாம் என்று அவர்கள் காரணம் சொன்னார்கள். எல்லாம் என்னவென்று தெரிந்துவிட்டது என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? 2023 நவம்பர் 19-ம் தேதி இம்பால் விமான நிலையத்தின்மேல் ஏதோ பறக்கிறது என்று சில மணி நேரம் விமானங்களை நிறுத்தியபோதும் இதுதான் நடந்தது. ரஃபேல் போய்த் தேடியது, ஒன்றும் கிடைக்கவில்லை, விமான நிலையம் திறந்தது. விமானப் படையைப் பொறுத்தவரை அத்தோடு சரி.

கருவிகள் நல்லதாகிவிட்டால் இது தீரும் என்று நினைக்கிறீர்களா? 2019-ல் கலிஃபோர்னியாக் கடலில் அமெரிக்கக் கடற்படையினர் இரவுப்பார்வைக் கருவி வழியாக எடுத்த வீடியோவில் பச்சை நிற முக்கோணங்கள் மின்னிப் பறந்தன. 2022 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னால் கடற்படை உளவு அதிகாரி ஸ்காட் ப்ரே அதை விளக்க வேண்டி வந்தது. முக்கோணம் வானத்தில் இல்லை, இரவுப்பார்வைக் கருவிக்குள் நுழைந்த வெளிச்சத்தை கேமரா பதிவு செய்ததில் உண்டான வடிவம் அது. 2012-ல் கண் ஏமாந்தது, 2019-ல் லென்ஸ்.

கோப்புகள் படிக்கக் கிடைக்கும். புளூ புக் ஆவணங்கள் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, பிரிட்டனுடையவை அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில். பிரான்ஸில் இந்த வேலையை ராணுவத்திடம் விடாமல் விண்வெளி நிறுவனத்துக்குள்ளேயே கெய்பான் என்ற சிறு பிரிவு பார்க்கிறது, 2007 முதல் இணையத்தில் போட்டும் வருகிறார்கள், ஆனால் அதற்கு பிரெஞ்சு வேண்டும். நீங்கள் பிரிட்டன் கோப்புகளிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் பொதுமக்கள் எழுதிய கடிதங்களும், ஆபத்து எதுவும் தெரியவில்லை என்று அமைச்சகம் அனுப்பிய இரண்டு பத்தி பதில்களும்தான். சிலவற்றில் கடிதம் எழுதியவரே படம் வரைந்து திசையும் நேரமும் குறித்திருப்பார். அவற்றை முதலில் எடுத்து, அந்தத் தேதியில் வெள்ளி எங்கே இருந்தது என்று ஒரு பஞ்சாங்கத்தையோ கைப்பேசிச் செயலியையோ வைத்துப் பாருங்கள்.

அன்புடன்